என் கல்யாணம் யாருட்ட இருக்கு

தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஒதுங்கிக் கிடக்கிற மேட்டுத்தெருவில் சிவபெருமாள் என்று ஒரு மனுஷன் இருந்தான், உப்பு மூட்டையை லாரியில் ஏற்றும்போது பலகை வழுக்கிப் பின்மண்டை தரையில் மோத விழுந்தான், விழுந்தவனை அதே லாரியில் மூட்டைகளுக்கு மேலேயே கிடத்திப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கே மண்டையைத் திறந்து கட்டியாக உறைந்திருந்த ரத்தத்தை எடுத்த டாக்டர்மார் மூளை வீங்கியிருக்கிறது, இப்போது மூட முடியாது என்று சொல்லி, கழற்றின எலும்பை அவன் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே பத்திரமாக வைத்துத் தைத்துவிட்டார்கள், அப்படி மண்டை மூடாமல் கிடந்த நாட்களில் அவன் ஞாபகமெல்லாம் வெளியே இறங்கி, போன ரோட்டிலேயே திரும்பி நடந்து, மேட்டுத்தெருவுக்கு வந்து வீட்டுக்கு வீடு புகுந்துகொண்டது.

இதில் தெரு நம்ப மறுத்தது வயிற்றில் எலும்பு வைத்ததைத்தான்.

“தல எலும்ப வயித்துக்குள்ளயா? அது என்ன அரிசிப் பானையா, கண்டதையும் போட்டு வைக்க?” என்று கேட்டார் டீக்கடை ஆவுடையப்பன்.

“எங் கண்ணால பாத்தேன் அண்ணாச்சி. கைய வச்சா தட்டுப்படுது,” என்றாள் எஸ்தர். சிவபெருமாளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தாள்.

“ஒன்னய யாரு கைய வைக்கச் சொன்னா?”

“அவுக பொண்டாட்டி தங்கபுஷ்பந்தான் வச்சுப் பாருன்னா. அழுதுகிட்டே சொல்லுதா, நான் மாட்டேங்கவா?”

ஆவுடையப்பன் கிளாஸ்களைக் கழுவத் தொடங்கினார். அவருக்கு வேறு ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் பால் காய்ச்சும்போது அவருக்கு ஒரு கிணறு ஞாபகம் வந்திருந்தது. படி இடிந்த கிணறு, ஒரு காது மடங்கின தாய்மாமன் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தூக்கித் தண்ணீரில் எறிகிறார், மூக்கில் ஏறுகிறது, நெஞ்சு அடைக்கிறது, பிறகு கையும் காலும் தானாக அடிக்க, உடம்பு மிதக்கிற அந்தச் சந்தோஷம். ஆவுடையப்பனுக்கு நீச்சல் தெரியாது. அவருக்குத் தாய்மாமனே கிடையாது. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகும் அவர் கிணற்றை விட்டு ஏறி வரவில்லை.

“எஸ்தரு, சிவபெருமாளுக்கு ஒத்தக் காது மடங்கின மாமா யாரும் உண்டா?”

“உண்டே. கல்யாணத்துக்கு வந்திருந்தாரே.”

“சரிதான்,” என்றார் ஆவுடையப்பன். “அப்பம் அது அவனுக்குள்ளது.”

அவர் சொன்ன பிறகுதான் மற்றவர்களும் வாய் திறந்தார்கள். எஸ்தருக்கு அவள் வாங்காத பெல்ட் அடி முதுகில் எரிந்துகொண்டிருந்தது. கோயில் பூசாரிக்கு, சின்ன வயதில் சாமிக்கு வைத்திருந்த வாழைப்பழத்தைத் திருடித் தின்ற ருசி நாக்கிலேயே நின்றது, அது தன் கோயில் பழம் என்று தெரிந்தும் அவருக்குக் கோபம் வரவில்லை, ருசி அப்படி இருந்தது. வரப்புச் சண்டையில் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கு ஒரே கோயில் கொடைத் திருவிழா ஆளுக்குப் பாதியாக வந்திருந்தது, அண்ணனிடம் மேளச் சத்தம் மட்டும், தம்பியிடம் ஆட்டம் மட்டும், சத்தமில்லாத ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் தம்பி பொறுக்கமாட்டாமல் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டான். இதெல்லாம் தெருவில் பெரிய அதிசயமாகப் பேசப்படவில்லை. மழைத் தண்ணீரில் அடித்து வந்த அண்டா யார் வீட்டு முற்றத்தில் ஒதுங்கினாலும், அண்டாவுக்குச் சொந்தக்காரன் வந்தால் கொடுத்துவிடுவதுதானே. அதுவரை அதைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

சொந்தக்காரனைத் தங்கபுஷ்பம் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மூக்கில் குழாய், தொண்டையில் ஓட்டை, வலது கை செத்த மீன்போலத் தொங்கியது, தலையில் எலும்பு எடுத்த இடம் பள்ளமாக உள்வாங்கி மூச்சுக்கு மூச்சு துடித்தது. கட்டிலில் கிடத்தி, குழாய் வழியாகக் கஞ்சித் தெளிவை ஊற்றி, புரட்டிப் போட்டு முதுகில் பவுடர் தடவி, மூத்திரத் துணியை மாற்றினாள். தொண்டை ஓட்டை மூடிச் சத்தம் வந்த அன்றைக்கு அவன் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தைக்காக அவள் காலையிலிருந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் போல அவன் அவளை நேராகப் பார்த்து, உதட்டை ஈரமாக்கிக்கொண்டு சொன்னான்:

“சிஸ்டர், தண்ணி.”

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததிலிருந்து அவன் பார்த்த பெண்களெல்லாம் நர்சுகள். இவளும் ஒரு நர்சு. தங்கபுஷ்பம் தண்ணீர் கொடுத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் எஸ்தர் வந்து, “பேசிட்டாராமே, என்ன சொன்னாரு?” என்று கேட்டபோது, “தண்ணி கேட்டாக,” என்று மட்டும் சொன்னாள்.

எஸ்தர்தான் மகளிர் குழுவைக் கூட்டி ஏற்பாடு பண்ணினாள். யாரிடம் சிவபெருமாளின் சரக்கு இருக்கிறதோ அவர்கள் சாயங்காலம் வேலை முடிந்து, குளித்துவிட்டு, ஒருத்தர் ஒருத்தராக வந்து அவன் காதோரம் உட்கார்ந்து சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல அது சொன்னவரை விட்டு இறங்கி அவனுக்குள் போய்விடும். ஆவுடையப்பன் கிணற்றைச் சொல்லி முடித்து எழுந்தபோது அவருக்கு நீச்சல் சுத்தமாக மறந்திருந்தது, கட்டிலில் கிடந்தவனின் இடது கால் போர்வைக்குள் மெல்ல அடித்தது. தங்கபுஷ்பம் ஆவுடையப்பன் காலில் விழப் போனாள். “சும்மா இரு தாயி, நான் என்ன வைத்தியனா,” என்று அவர் விலகிக்கொண்டார்.

ஆனால் மேட்டுத்தெருவில் ஒரு வழக்கம் உண்டு. இரவல் வாங்கின பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். சட்டி வாங்கினால் திருப்பும்போது ரெண்டு கருவாடு, ஒரு பிடி முருங்கைக்கீரை, எதுவும் இல்லாவிட்டால் செடியில் பறித்த ஒரு செம்பருத்தியாவது உள்ளே கிடக்க வேண்டும். வெறும் சட்டியைத் திருப்புவது அந்த வீடு வெறுமையாகப் போகட்டும் என்று சொல்வதற்குச் சமானம். ஞாபகத்தையும் அவர்கள் அப்படித்தான் திருப்பினார்கள். யாரும் கூடிப் பேசி முடிவு பண்ணவில்லை, கை பழகின பழக்கம், வாயும் பழகியிருந்தது. சிவபெருமாளின் சொத்தைச் சொல்லி முடித்ததும் தன்னுடையதில் ஒன்றைக் கூடவே வைத்துக் கொடுத்தார்கள். பூசாரி வாழைப்பழத்தோடு தன் அம்மாவின் தாலாட்டை வைத்தார். எஸ்தர் பெல்ட் அடியைத் திருப்பும்போது அதற்கு மருந்து போலத் தன் முதல் கிறிஸ்துமஸ் கவுனை வைத்தாள். ஆட்டுக்காரி ஒருத்தி தன் செத்துப்போன வெள்ளாட்டை வைத்துவிட்டுப் போனாள், அவளிடம் அதைவிட ஒசத்தி எதுவும் இல்லை.

அவனுக்குள் எல்லாம் சேர்ந்துகொண்டு வந்தது. ஊசி போடும் கிழமைகளும், கையில் ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லிக் கெஞ்சும் நேரங்களும், உட்கார வைத்தால் மூட்டையாய்ச் சரிகிற நாட்களுமாகக் கோடை போனது. டாக்டர்மார் வயிற்று எலும்பை எடுத்துத் திரும்பத் தலையில் வைத்துத் தைத்தார்கள், தெரு வந்து ரெண்டு தழும்பையும் பார்த்து ஒருவழியாக நம்பியது. அவன் தாலாட்டுப் பாடினான். வெள்ளாட்டுக்காக அழுதான். கவுனைக் காணோம் என்று தேடினான். கோபம் வந்தால் இடது கையால் அடித்தான், ஒரு தடவை கஞ்சித் தட்டு அவள் நெற்றியில் பட்டுப் புடைத்தது, கொஞ்ச நேரம் கழித்து அவனே அதைப் பார்த்துவிட்டு, “யாரு சிஸ்டர் அடிச்சா? சொல்லுங்க, நான் கேக்கேன்,” என்றான்.

விடிவதற்குள் அவனைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, எஸ்தரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தங்கபுஷ்பம் உப்பளத்துக்குப் போவாள். பாத்தியிலிருந்து வாரிப் போட்ட உப்பை ஓலைப் பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிற வேலை. வெயில் ஏற ஏற வெள்ளை கண்ணைக் குத்தும், ஈரம் காலை அரிக்கும். அங்கே சண்முகக்கனி என்று ஒருத்தி இருந்தாள். கல்யாணமான வாரத்திலேயே மாப்பிள்ளை விட்டுவிட்டுப் போய்விட்டான், அதற்குப் பிறகு யாரோடும் சேராமல் தனியாகப் பொங்கித் தனியாகத் தின்று, கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிற பொம்பளை. அப்படிப்பட்டவள் இப்போதெல்லாம் தங்கபுஷ்பத்தின் பின்னாலேயே நடந்தாள். பெட்டியைத் தூக்கித் தலையில் வைக்க யாரும் கூப்பிடுவதற்கு முன்னாலேயே வந்து நின்றாள். பெட்டிக்கு அடியில் சுருட்டி வைத்த சும்மாட்டுத் துணி நழுவினால் பின்னாலிருந்து சரிபண்ணினாள். நிழல் விழுகிற இடத்தைத் தன் தூக்குவாளியை வைத்துப் பிடித்துவைத்து, தங்கபுஷ்பம் வந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். தன்னைப் பார்த்துப் பாவப்படுகிறாள்போல என்று தங்கபுஷ்பம் நினைத்தாள். பாவப்படுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது, ஆனாலும் அந்த நிழலை வேண்டாம் என்று சொல்ல உடம்பில் தெம்பில்லை.

ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது சிவபெருமாள் நெஞ்சைத் தடவிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கண்ணெல்லாம் தண்ணீர்.

“சிஸ்டர், எம் மக எங்க?”

தங்கபுஷ்பம் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“இங்கதான் ஏறி நின்னா. ரெண்டு காலையும் எம் நெஞ்சில வச்சு நின்னா. பாதம் சூடா இருந்துச்சு. எங்க போனா?”

அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. கோயில் குளம் எல்லாம் போய், டாக்டரிடம் போய், அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்காமல் வருஷங்கள் ஆகியிருந்தன. தங்கபுஷ்பம் முகம்கூடக் கழுவாமல் டீக்கடைக்கு நடந்தாள்.

“அண்ணாச்சி, என்னத்த வச்சுக் குடுத்திய எங்க வீட்டுக்காரருக்கு?”

ஆவுடையப்பன் டீ ஆற்றுவதை நிறுத்தினார். “ஏன் தாயி, நல்லதாத்தான வச்சேன்?”

“மகளக் கேக்காக. நான் எங்க போயிக் கொண்டுவருவேன்?”

அவர் முகம் சுருங்கிப்போனது. “ஒங்களுக்குப் பிள்ளை இல்லயேன்னுதான்,” என்றார். “எங்கிட்ட இருக்கதுலயே நல்லத வைக்கணும்னு நெனச்சேன். என்ன வச்சேன்னு இப்பம் எனக்கே தெரியல பாத்துக்கோ. நல்லதுன்னு மட்டும் தெரியும்.”

“இனிமே யாரும் எதையும் வைக்கக் கூடாது. அவுகளோடது மட்டும் போதும். அவுகளே போதும் எனக்கு.”

டீக்கடையில் இருந்தவர்கள் முகம் ஒரு மாதிரி ஆனது. “வெறுங்கையோடயா வரச் சொல்லுத?” என்று கேட்டாள் ஆட்டுக்காரி. “ஒன் வீட்டு வாசல்ல ஏறி, வெறுமனே சொல்லிட்டு இறங்கவா? நாங்க என்ன எதிரியா?” தங்கபுஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளும் அந்தத் தெருக்காரிதான். அவளும் எந்தச் சட்டியையும் வெறுமனே திருப்பினதில்லை.

ஆனால் அங்கே நின்ற நேரத்தில்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. கிணறு வந்தது, பெல்ட் வந்தது, திருவிழா ரெண்டு பாதியும் வந்து ஒட்டிக்கொண்டது. இத்தனை பேர் வந்து போயும் அவளைக் கொண்டுவந்தவர் ஒருவரும் இல்லை. இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்து எழுந்தவளை ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லையா. அவள் வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

“என் கல்யாணம் யாருட்ட இருக்கு?”

இல்லை என்று ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள். அன்றிலிருந்து அவள் வீடு வீடாகக் கேட்டாள். காலையில் குழாயடியில் கேட்டாள், ரேஷன் கடை வரிசையில் கேட்டாள், மாதா கோயில் திருப்பலி முடிந்து வெளியே வந்தவர்களிடம் கேட்டாள். பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போய் நின்று, “எங்க வீட்டுக்காரரு கல்யாணம் இங்க யாருக்கும் வந்துச்சா?” என்று விசாரித்தாள். தேய்ப்புக் கடை கணேசமூர்த்திதான் கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

“மைனி, எங்கிட்டதான் இருக்கு. ஆனா அத வச்சு ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொல்லல.”

“கல்யாணம்னா அதுல நான் இருப்பேன்லா?”

“இருக்கிய. ஆனா குனிஞ்சுகிட்டே இருக்கிய. மாலையும் பூவும்தான் தெரியுது. அண்ணனுக்குச் சட்டைக் காலர் அரிக்கு, பூராவும் அந்த அரிப்புதான். பெறவு பாயாசத்துல முந்திரி கெடந்தது.”

அவன் அதை அப்படியே சொன்னான், கூடவே தன்னுடையதில் எதையோ வைத்தான், சிவபெருமாள் கழுத்தைச் சொறிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் அவன் தங்கபுஷ்பத்திடம் சந்தோஷமாகச் சொன்னான்: “சிஸ்டர், எனக்குக் கல்யாணம் ஆயிட்டு, தெரியுமா? பாயாசம் நல்லா இருந்துச்சு.”

“பொண்ணு எப்படி?” என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

அவன் யோசித்தான். “பூவு நெறைய வச்சிருந்தாவ,” என்றான்.

அடுத்த நாள் உப்பளத்தில், ஓலைக் கொட்டகையின் கீழே எல்லாரும் சோற்றைத் திறந்து உட்கார்ந்திருக்கும்போது, தங்கபுஷ்பம் சாப்பிடாமல் இதைச் சொன்னாள். சிலர் சிரித்தார்கள், சிரித்ததற்காகப் பிறகு வருத்தப்பட்டார்கள். சண்முகக்கனி மட்டும் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தாள். எல்லாரும் எழுந்து போன பிறகும் அவள் எழவில்லை.

“கல்யாணம் இல்ல,” என்றாள் சண்முகக்கனி. “அதுக்கு முந்தினது ஒண்ணு எங்கிட்ட இருக்கு.”

தங்கபுஷ்பம் அவளையே பார்த்தாள்.

“நீ அப்பம் கல்யாணமாகாத பிள்ளை. இதே அளத்துலதான். ஒன் வீட்டுக்காரரு அந்தப் பக்கத்துப் பாத்தியில நிக்காரு. ஒன்னயப் பாக்காரு. அவ்வளவுதான் இருக்கு. இதுக்கு மேல சொன்னா போயிரும்.”

“எங்க மாமனாரு பாத்து முடிச்ச சம்பந்தம்லா அது. நல்லா வேல செய்வேன்னு கட்டினாக.”

“அப்படின்னு நீ நெனச்சுகிட்டிருக்க.”

உப்புக் காற்று கொட்டகை ஓலையைத் தடதடவென்று அடித்தது. தங்கபுஷ்பத்தின் வீட்டுக்காரன் அதிகம் பேசாதவன். குழம்பு நன்றாக இருந்தால் இன்னொரு கை சோறு போட்டுக்கொள்வான், அதுதான் அவன் பேச்சு. அவன் அவளைப் பார்த்தான் என்பதையே இத்தனை வருஷம் கழித்து இன்னொருத்தி வாயிலிருந்துதான் அவள் கேட்கிறாள்.

“எப்பம் வந்தது ஒங்கிட்ட?”

“நீ ஆஸ்பத்திரில இருக்கும்போதே வந்துட்டு.”

“இத்தன நாளா ஏன் தரல?”

சண்முகக்கனி கையிலிருந்த சோற்றைத் திரும்பத் தூக்குவாளியில் போட்டாள். “என்னைய யாரும் அப்படிப் பாத்ததில்ல. அது போகட்டும். ஒருத்தர அப்படிப் பாக்கணும்னா உள்ளுக்குள்ள எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது தங்கம். இப்பம் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச பெறவு எப்படிட்டி எடுத்துக் குடுக்கது?”

அப்போதுதான் தங்கபுஷ்பத்துக்குப் புரிந்தது. பெட்டியைத் தூக்கிவிட்ட கை, பிடித்துவைத்த நிழல், நழுவின சும்மாட்டைப் பின்னாலிருந்து சரிபண்ணின விரல், எல்லாம் பாவப்பட்டு வந்ததில்லை. அவள் புருஷன் அவள்மேல் வைத்திருந்த ஆசைதான், கட்டிலில் கிடக்கிற உடம்பை விட்டு இறங்கி, சண்முகக்கனிக்குள் குடிபுகுந்து, தினமும் வெயிலில் அவள் பின்னாலேயே நடந்திருக்கிறது. அதைத் திருப்பிக் கேட்டால் அந்த நிழலும் போய்விடும். அவனிடம் போய்ச் சேர்ந்தாலும் அந்த உடைந்த தலை அதைத் தாங்கி வைத்துக்கொள்ளுமா, வாழைப்பழமும் வெள்ளாடுமாகக் கலந்து கிடக்கிற கூட்டத்தில் அதுவும் தொலைந்துபோகுமா, யார் சொல்ல முடியும். அவள் கேட்கவில்லை. சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு பாத்திக்கு நடந்தாள், சண்முகக்கனி பெட்டியைத் தூக்கிவிட்டாள்.

வீட்டில் சிவபெருமாள் அன்றைக்கு நல்ல தெளிவாக இருந்தான். அவள் ஊட்டிவிட்ட சோற்றை மென்று விழுங்கி, வாயைத் துடைத்துவிடும்வரை காத்திருந்து, மரியாதையாகக் கேட்டான்:

“சிஸ்டர், நீங்க ராவும் பகலும் இங்கயே கெடக்கீங்களே. ஒங்க வீட்டுல தேட மாட்டாவளா? நான் இருந்துக்கிடுவேன். நீங்க ஒங்க வீட்டுக்குப் போங்க.”

மறுநாள் பெட்டி தூக்கும்போது தங்கபுஷ்பம் சொன்னாள்: “என்னைய வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாக கனி.” அவ்வளவுதான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் சண்முகக்கனி தலை குளித்து, ஈரம் சொட்ட முடிந்து, வெளுத்த சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தங்கபுஷ்பத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நெற்றியில் தட்டுப் பட்ட தழும்பு, காதோரம் நரைத்த முடி, உப்பு அரித்த கை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“காப்பி போடட்டா?” என்று கேட்டாள் தங்கபுஷ்பம், அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்.

“வேண்டாம். பேச்சு விட்டுப்போகும். நீ வெளிய இரு.”

வெளியே நின்றாள் தங்கபுஷ்பம். உள்ளே முணுமுணுப்பு மட்டும் கேட்டது, ஒரு வார்த்தையும் பிரியவில்லை, காதை வைத்துக் கேட்கலாம் என்று தோன்றினபோது எஸ்தர் வீட்டுச் சுவரோரம் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். மற்றவர்கள் சொல்லி முடிக்கிற நேரத்தைவிட ரொம்ப நேரம் ஆனது. அவனுடையதைச் சொல்லி முடித்திருப்பாள், இப்போது தன்னுடையதை வைக்கிறாள்போல, என்னத்தை வைப்பாள், அவளிடம்தான் என்ன இருக்கிறது என்று தங்கபுஷ்பம் நினைத்தாள்.

சண்முகக்கனி வெளியே வந்தபோது முகம் கழுவித் துடைத்த பலகைபோல இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, எதிரே வந்த தங்கபுஷ்பத்தைப் பார்த்து, “வழிய மறிச்சுகிட்டு நிக்க, நகரு,” என்றாள். பழைய சண்முகக்கனியின் குரல் அது. தெருவில் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள்.

உள்ளே சிவபெருமாள் சுவரைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கபுஷ்பம் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்தாள்.

“சிஸ்டர், அந்தப் பிள்ளை எங்க?”

“எந்தப் பிள்ளை?”

“அளத்துல நிக்கே, அந்தப் பிள்ளை. கண்ணிமையில பூரா உப்பு. தகரப் போணியில தண்ணி குடிக்கு. குடிச்சுட்டு மிச்சத்தக் கொட்டல சிஸ்டர், குழியப் பறிச்சு நாய்க்கு ஊத்துது. வேலை முடியலன்னு கங்காணி கத்துதான், அந்தப் பிள்ளை நாய் குடிச்சு முடிக்கட்டும்னு நிக்கு. நானும் வேலய விட்டுட்டுப் பாத்துகிட்டே நின்னுட்டேன். எங்க அய்யாட்ட சொல்லிட்டேன், அதத்தான் கட்டுவேன், இல்லன்னா ஒண்ணும் வேண்டாம்னு.”

தங்கபுஷ்பம் அவனை மெல்ல உட்கார வைத்தாள். அந்த நாயை அவளுக்கு ஞாபகமே இல்லை.

“அந்தப் பிள்ளைக்கு இப்பம் வயசாயிருக்கும்லா,” என்றாள்.

“அதுக்கு ஏன் வயசாவணும்?” என்று கேட்டான் அவன், ஒன்றும் புரியாமல்.

அந்தப் பிள்ளையைப் பார்க்கத்தான் அவன் நடை பழகினான். பந்தை அமுக்கச் சொன்னால் எறிகிறவன், நாளைக்கு அளத்துக்குப் போகலாம் என்றால் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடுப்படிவரை நடந்தான், பிறகு வாசல்வரை, பிறகு எஸ்தர் வீட்டுச் சுவர்வரை. நடக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளையைப் பற்றித் தன் இடுப்பைப் பிடித்திருக்கிற நர்சிடம் சொல்லிக்கொண்டே வந்தான். தெருவில் அதைக் கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்கள். தங்கபுஷ்பம் துடைக்கவில்லை, கேட்டுக்கொண்டாள். புதுசாகக் கல்யாணம் பேசின பெண்ணைப்போலக் கேட்டுக்கொண்டாள், அந்தப் பெண்மேல் பொறாமைப்பட்டும் கேட்டுக்கொண்டாள். உப்பளத்தில் சண்முகக்கனி தனியாகச் சுமந்து தனியாகக் கொட்டினாள், நிழலில் அவளே உட்கார்ந்து சாப்பிட்டாள், தங்கபுஷ்பம் பக்கத்தில் போனால் தூக்குவாளியை மட்டும் நகர்த்திவைத்தாள்.

மழை வந்து, பாத்திகள் கரைந்து, வேலையில்லாத மாதங்கள் போய், திரும்ப அளம் வெளுக்கத் தொடங்கியது. ஒருநாள் மத்தியானம் தங்கபுஷ்பம் அரைநாள் வேலை முடிந்து வந்து, வாசல் வேம்பு நிழலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவனுக்குச் சோறு கொண்டுவந்தாள். அவன் சோற்றைப் பார்க்காமல் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னைக்குச் சுமை கூடவோ?”

“ஏன்?”

“கழுத்த ஒரு பக்கமாச் சாச்சு வச்சிருக்க. அன்னைக்கும் இப்படித்தான் வச்சிருந்த. சும்மாடு நழுவிட்டு. நாந்தான பின்னால இருந்து பிடிச்சேன்.”

தங்கபுஷ்பத்தின் கையில் தட்டு அப்படியே நின்றது.

“நீ திரும்பிக்கூடப் பாக்கல,” என்றான் அவன். வார்த்தைகள் மெதுவாக, ஒவ்வொன்றாகத் தடவி எடுத்தவைபோல வந்தன. “அழுதுகிட்டே நடந்த. யாரோ கேட்டதுக்கு உப்புக் காத்துன்னு சொன்ன. நெத்தியில புடைச்சிருந்துச்சு. நெழலு இல்லன்னு நான் எம் வாளிய வச்சு எடம் பிடிச்சேன். நீ வந்து உக்காந்த பெறவுதான் எனக்கு மூச்சே வந்துச்சு. தெனமும் பின்னாலதான வந்தேன் தங்கம்.”

அவன் கட்டிலில் கிடந்த மாதங்கள் அவை. மூக்கில் குழாயோடு, தானாகப் புரள முடியாமல், மூத்திரத் துணியில் கிடந்த மாதங்கள். சண்முகக்கனி என்னத்தை வைத்துக் கொடுத்தாள் என்று தங்கபுஷ்பத்துக்கு இப்போது தெரிந்தது. வாழ்க்கையில் அவள் யாரையாவது நேசித்த நாட்கள் என்று இருந்தவை அந்த நாட்கள்தான். அத்தனையையும் ஒன்று விடாமல் வைத்திருக்கிறாள்.

“ஆமா,” என்றாள் தங்கபுஷ்பம். “நீங்கதான் பிடிச்சிய.”

அவன் தலையை ஆட்டிவிட்டுச் சோற்றைக் கேட்டான். அவள் ஊட்டினாள். பாதிச் சோற்றிலேயே அவன் பார்வை குழம்பிப் போய், “சிஸ்டர், போதும்,” என்றான், சாயங்காலம் திரும்பத் தங்கம் என்றான், மறுநாள் பூரா ஒரு பேரும் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.

மறுநாள் உப்பளத்தில் சண்முகக்கனி குனிந்து தன் பெட்டியைத் தானே தூக்கப் போனபோது தங்கபுஷ்பம் போய் மறுபக்கம் பிடித்தாள்.

“விடு. எனக்குத் தூக்கத் தெரியும்.”

விடவில்லை. தூக்கி அவள் தலையில் வைத்து, சும்மாட்டைச் சரிபண்ணிவிட்டாள். சண்முகக்கனி அம்பாரத்தைப் பார்த்து நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாள்.

“என்னட்டி, பின்னாலயே வார? ஒம் பாத்தி அந்தப் பக்கம்லா.”

“சும்மாதான்.”

“சும்மாவா? ஒன் வீட்டுக்காரரு மாதிரி ஒனக்கும் தலையில அடிபட்டுட்டா?”

தங்கபுஷ்பம் இன்னும் ஓரடி நெருங்கி வந்து நின்றாள். சண்முகக்கனிக்கு அது பிடிக்கவில்லை. பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வரப்பில் வேகமாக நடந்தாள். தங்கபுஷ்பமும் வேகமாக நடந்தாள்.